சூடேறாத பிரேக்

எட்டு சிலிண்டர் எஞ்சினும், தெருவையே எழுப்புகிற உறுமலும் உள்ள ஒரு பழைய சிவப்புக் கார் இருந்தது. அது ஓடுவதென்னவோ வீட்டிலிருந்து மார்க்கெட் வரைதான். ஆனாலும் தன்னைப் பட்டத்து யானையாகவே நினைத்துக்கொண்டிருந்தது.

பிரேக் பேடு தேய்ந்துபோனதால், மெக்கானிக் இரண்டு வகைப் புதுப் பேடுகளைக் கொண்டுவந்து எதிரில் வைத்தார். கார் இரண்டையும் விசாரித்தது.

“மாடு குறுக்கே வந்தா நிப்பாட்டுவேங்க,” என்றது சாதாரணப் பேடு. “அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது.”

காருக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

“நான் ரேஸ் மைதானத்துப் பேடு,” என்றது மற்றது. “நல்லாச் சூடேறட்டும், அப்புறம் பாருங்க என் பிடியை.”

“இதுதான் நம்ம தகுதிக்குச் சரி,” என்று கார் அதையே மாட்டிக்கொண்டது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியபோது, அதற்கே தன்மேல் ஒரு பயபக்தி வந்துவிட்டது.

மார்க்கெட் முனையில் மாடு ஒன்று குறுக்கே வந்தது.

“பிடி,” என்றது கார்.

“இன்னும் சூடேறலையே.”

“மாடுப்பா அது.”

“யாரா இருந்தா என்ன? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. பத்து ரவுண்டு சுத்திட்டு வாங்க, பிடிக்கிறேன்.”

மாடு தானே ஒதுங்கிக்கொண்டது. அதற்குப் பின்னாலிருந்த டீக்கடைக்கு அந்த வசதி இல்லை. கார் நேராகப் போய் பாய்லரில் முட்டி நின்றது. கொதிக்கிற தண்ணீர் மொத்தமும் முன்சக்கரத்தில் கொட்டியது.

பேடு சோம்பல் முறித்தது.

“இப்பத்தான் சூடு பதமா இருக்கு,” என்றது. “சொல்லுங்க, எங்க நிக்கணும்?”