சனிக்கிழமை மேடை

"முடியாதும்மா! கோரா யாழோட எலக்ட்ரிக் கிதாரைச் சேர்த்தா அது பாட்டா? ஆட்டுக்கும் லாரிக்கும் கல்யாணம்!"

பமாக்கோ நகரின் பெரிய தோட்ட ஓட்டல் முதலாளி த்ராவரே கைகூப்பி மறுத்தார். அங்கே சனிக்கிழமை மேடை கிடைக்காவிட்டால் இசைக்குழுவைக் கலைத்துவிட வேண்டியதுதான். ஆனாலும் பாடகி அசெட்டு அசரவில்லை.

"இவன் வாசிக்கிறதை ஒரு தடவை கேட்டுட்டுச் சொல்லுங்க ஐயா."

அமெரிக்காவிலிருந்து போன மாதம் வந்து குழுவில் சேர்ந்த டேல், கிதாரோடு முன்னே வந்தான்.

"பேரென்ன?"

"சுமானா கோனே!" பமாக்கோவில் வைத்த பேரை மார்தட்டிச் சொன்னான்.

த்ராவரேயின் முகம் மாறியது. "கோனேயா? அடேய் காராமணி தின்னி! உன்னை யாருடா உள்ளே விட்டது? சமையல்காரரே, காராமணி மூட்டையைப் பூட்டி வைங்க!"

ஒரு மாதத்தில் டேல் வசவுகளை மட்டும் நன்றாகக் கற்றிருந்தான். ரத்தம் கொதித்தது.

"நீங்கதான் காராமணி தின்னி! வயித்தைப் பார்த்தாலே தெரியுதே!"

அதே சூட்டில் வாசிக்கத் தொடங்கினான். அவனுடைய மலைநாட்டு நாட்டுப்பாட்டைக் குழுவின் கோரா துள்ளித் துள்ளித் துரத்தியது. நடுவில் ராக் இடி இறங்கியது. மாமரத்துக் காய்கள் பொலபொலவென உதிர்ந்தன. நைஜர் ஆற்றில் தூங்கிய நீர்யானைகள் எழுந்து உட்கார்ந்தன.

த்ராவரே அலறினார். "போதும்டா! எல்லாச் சனிக்கிழமையும் உங்களுக்குத்தான். ஓடிப் போ, தின்னி!"

வாசலுக்கு வந்ததும் டேலுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"பார்த்தியாக்கா? என்னைப் பார்த்ததுமே திட்டின மனுஷன்! ஒரே பாட்டுல கவுத்துட்டேன்ல?"

"நீ வாசிச்சப்போ அவர் ரெண்டு காதையும் பொத்திக்கிட்டிருந்தார்டா" என்றாள் அசெட்டு. "த்ராவரே குலத்துக்காரங்க கோனே குலத்துக்காரங்களை எவ்வளவு வேணும்னாலும் கிண்டல் பண்ணலாம். ஆனா ஒரு கோனே வந்து கேட்டா, இல்லைன்னு மட்டும் சொல்லக் கூடாது. தலைமுறை தலைமுறையா வர்ற கேலி உறவு அது. இந்த ஊர்ல முக்கால்வாசி மேடை த்ராவரேக்கள் கையிலதான் இருக்கு. பின்னே, நீ விமானத்தை விட்டு இறங்கினதுமே உனக்கு கோனேன்னு எதுக்குப் பேர் வெச்சேன்னு நினைச்சே?"