பத்தே நாளில்

மூலிகை வைத்தியர் தன் மருக் களிம்புக்கு நோட்டீஸ் அடிக்க வந்திருந்தார். அவர் கொடுத்த மச்சினனின் இரண்டு படங்களை அச்சகக்காரர் கணினியில் திறந்தார். ஒன்றில் கன்னமெல்லாம் புண். இன்னொன்றில் மிளகளவு மரு.

“மேலே ‘பத்தே நாளில்’, புண்ணுக்குக் கீழே ‘முன்’, மருவுக்குக் கீழே ‘பின்’னு போடுங்க” என்றார் வைத்தியர்.

“பத்தே நாள்ல இவ்ளூண்டா சுருங்கிடுச்சா? கில்லாடி சார் நீங்க!”

அச்சகக்காரர் மேஜையிலிருந்த களிம்பு டப்பாவைத் திறந்து, தன் கழுத்து மருவிலும் தாராளமாக அப்பிக்கொண்டார்.

அப்போது கன்னத்தில் கட்டோடு மச்சினனே உள்ளே வந்தான்.

“மாமா, மிளகாட்டம் இருந்த மருவை உங்க களிம்பு பத்தே நாள்ல புண்ணாக்கிடுச்சு. டாக்டர் என்னைக் கிழிகிழின்னு கிழிக்கிறாரு!”

அச்சகக்காரருக்குக் கழுத்து திகுதிகுவென எரியத் தொடங்கியது.

வைத்தியர் பதறாமல் கைபேசியை எடுத்தார்.

“அசையாதீங்க சார். உங்க ‘பின்’ படத்தை இப்பவே எடுத்துடறேன்.”