ஆற்றுக்குழாயில் அலசிய புடவை

திருப்பூரில் வீட்டுக்கு இரண்டு குழாய்கள். ஆற்றுக்குழாயில் சாயத்துணி துவைக்கக் கூடாது. சாயக்கழிவைத் தின்று நொய்யல் ஆற்றைத் தெளிய வைத்த நுண்ணுயிர்கள் அந்தத் தண்ணீரில் இன்னும் சாயம் தேடி அலைகின்றன.

அவற்றை உருவாக்கிய நிறைமதியின் கணவர் செங்கோடன் ஒருநாள் இதை மறந்துவிட்டார். திருமண நாளுக்கென்று அவளுடைய சிவப்புக் கூறைப்புடவையை அந்தக் குழாயில் அலசிக் காயப்போட்டார். சரிகையைத் தவிர எல்லாம் வெளுத்துவிட்டது.

ஆய்வகத்திலிருந்து திரும்பியவளிடம் புடவையை நீட்டினார்.

"நான் உசுரோட இருக்கறப்பவே உன்னைய வெள்ளச்சீலை கட்ட வச்சுட்டனே, புள்ள."

அவள் புடவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

"ஆத்துலகூட அதுங்க இத்தன சுத்தமா வேலை செய்யலீங்க!"

பிறகு அதையே உடுத்திக்கொண்டு, நெற்றியில் பெரிதாகக் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தாள்.

"கோயிலுக்குக் கிளம்புங்க. என்னைய ஒட்டியே நடங்க. பாக்கறவங்க உங்களையும் சேத்துப் பாக்கட்டும்."