நாலு கையெழுத்து

“இது என் கையெழுத்தே இல்ல மிஸ்!”

நாகேந்திரன் டைரியை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போட்ட சத்தத்தில் பின்னால் வரிசையில் நின்ற பெற்றோர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஒன்பதாம் வகுப்பு ஆக்னஸ் மிஸ் டைரியை விரித்து வைத்தார். “நாலு தடவை எழுதி அனுப்பிட்டேன் சார். பவித்ராவால பத்து நிமிஷம் சேர்ந்தாப்பல உக்கார முடியல. விடை தெரிஞ்சாலும் பாதிப் பரீட்சையில மனசு எங்கியோ போயிடுது. இது திமிர் இல்ல, கவனக்குறைபாடா இருக்கலாம், டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு எழுதினேன். நாலுக்கும் கையெழுத்து வந்திருக்கு.”

“நான் இத கண்ணால பாக்கல. வாரத்துக்கு ஒரு வாட்டர் பாட்டில் தொலைக்கிறா. அது பத்தாதுன்னு கள்ளக் கையெழுத்து வேறயா?” மகள் பக்கம் திரும்பினான். “சொல்லுடி, நீதானே போட்ட?”

அதுவரை ஆடிக்கொண்டே இருந்த பவித்ராவின் கால் நின்றது.

“ஆமா மிஸ். நான்தான் போட்டேன்.”

வரிசையில் யாரோ ‘உச்’ கொட்டினார்கள்.

ஆக்னஸ் மிஸ்ஸின் முகம் வாடிவிட்டது. “அப்ப ஒரு வாரம் இவ கிளாசுக்கு வர முடியாது. இதுல கையெழுத்து போடுங்க சார்.”

காகிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். மண்ணூர்பேட்டை கம்பெனியில் தினமும் நூறு ஜாப் கார்டில், வேலைச் சீட்டில், கையெழுத்துப் போடுகிற கை. படித்துப் பார்த்துப் பழக்கமில்லை. கையெழுத்தை ஒட்டி ஷிப்டைக் குறிக்கும் ‘ஏ’யும் தானாக விழுந்தது.

விழுந்த பிறகுதான் டைரி கண்ணில் பட்டது.

நாலு கையெழுத்தை ஒட்டியும் சின்னதாக ஒரு ‘ஏ’.

விடிகாலையில் பைக்கை உதைத்துக்கொண்டே, “சீக்கிரம் நீட்டுடி, கம்பெனில பஞ்ச் டைம் போயிடும்” என்று போட்டவை.

வாயைத் திறந்தான். வரிசை அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. மூடிக்கொண்டான்.

பைக் அருகே வந்ததும் கேட்டான்.

“அதெல்லாம் நான் போட்டதுதானேம்மா. ஏன் அப்படிச் சொன்ன?”

அவள் பைக் கண்ணாடியைத் திருகிக்கொண்டிருந்தாள். நாகேந்திரன் திரும்ப மிஸ்ஸிடம் போக மாடிப்படியைப் பார்த்து நடந்தான். ஓடிவந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“வாணாம்ப்பா. எல்லாரும் இன்னும் அங்கதான் நிக்கிறாங்க. படிக்காமலே போட்டேன்னு சொன்னா உனக்கு அசிங்கமா இருக்கும். எனக்குன்னா பழகிப்போச்சு.”