கழுத்துத் தெறி

“சாதாரணத் தெறி ஒண்டு வைச்சுத் தைச்சுவிடட்டோ, ஐயா? அது லேசிலை கழலாது.”

“வேண்டாம். முந்தி இருந்தமாதிரி அமத்துத் தெறிதான் வேணும்,” என்றார் தியாகராசா.

யாழ்ப்பாணப் பட்டினத்தில் சம்சுதீனின் தையற்கடை மேசையில் கிடந்தது அந்தத் தோற்சட்டை. தியாகராசா அதை உரும்பிராயிலிருந்து சாக்கில் கட்டிச் சைக்கிளில் கொண்டுவந்திருந்தார். சாக்கின் அடியைப் பிடித்து உதறியபோது சட்டை தானாக மேசையில் விழுந்தது. அவருடைய விரல்கூடப் படவில்லை. நெற்றி நிறையத் திருநீறு. மாட்டுத்தோலை இவர் தொடமாட்டார் என்பது சம்சுதீனுக்கு விளங்கியது.

சட்டை மகனுடையது என்றார். வெள்ளைக்காரரின் பட்டாளத்தில் லொறி ஓட்டியவன். சண்டை முடிந்து போன கிழமைதான் வீட்டுக்கு வந்தான். முன்பக்கத்தைத் திறந்தபடி விட்டுப் போடுகிற சட்டை; கழுத்துப் பட்டியில் மட்டும்தான் ஒரு பொத்தான், அமத்தினால் பூட்டிக்கொள்ளும் தெறி. அது உடைந்துபோயிற்று. இந்தச் சட்டையோடுதான் வாசற்படலை தாண்டி வெளியே வருவேன் என்று சொல்லி அறைக்குள்ளேயே கிடக்கிறான்.

பெடியளின் எடுப்பு இப்படித்தான் என்று சம்சுதீன் உள்ளுக்குள் சிரித்தார்.

“மகனைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே, ஐயா. போட்டுப் பாத்திருப்பம்.”

தியாகராசா வீதிப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

பட்டாளத்துப் பழைய பை ஒன்றிலிருந்து அதே அளவுத் தெறியைச் சம்சுதீன் கழற்றி எடுத்தார். தோலில் கிழிந்திருந்த துளைக்கு உட்புறம் ஒரு துண்டு வைத்துத் தைத்து, தெறியைப் பொருத்திச் சுத்தியலால் அடித்தார். பூட்டிப் பார்த்தபோது ‘டக்’கென்று பிடித்தது. இனி எந்தக் காற்றுக்கும் திறக்காது என்று பெருமையாகச் சொன்னார்.

“இறுக்கம் கூடிப்போச்சு. இளக்கிவிடும்.”

“இளக்கினால் நடக்கேக்கையே திறந்துபோகும்.”

“திறந்தால் திறக்கட்டும்.”

சம்சுதீன் அவரை நிமிர்ந்து பார்த்தார். மகன் கேளாமல் பட்டாளத்துக்குப் போன கோபம் இன்னும் தீரவில்லையாக்கும். சட்டை ஒழுங்காக அமைவதில் மனிதருக்கு மனமில்லை என்று எண்ணிக்கொண்டார். குறடு ஒன்றை எடுத்து, தெறிக்குள் இருந்த மெல்லிய கம்பியை நெகிழ்த்தினார். இப்போது விரல் நுனியால் இழுக்கவே திறந்தது. சட்டையை மடித்துச் சாக்குக்குள் வைக்கப்போனார்.

“பொறும்.”

தியாகராசா சால்வையைக் கழற்றி மேசையில் வைத்தார். சட்டையைப் பார்த்தபடி சற்று நேரம் நின்றார். பிறகு அதை இரண்டு கைகளாலும் எடுத்துப் போட்டுக்கொண்டார். கழுத்துத் தெறியைப் பூட்டினார்.

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். தாடையைத் தாழ்த்தி, தோற்பட்டியின் நுனியைப் பல்லால் கவ்வி இழுத்தார். முதலில் நழுவியது. மறுபடி கவ்வினார். தெறி திறந்துகொண்டது.

சம்சுதீன் கையிலிருந்த சாக்கை மேசையில் வைத்தார்.

“பூட்டிறதை நாங்கள் பூட்டிவிடுவம், தம்பி,” என்றார் தியாகராசா. “கழட்டிறதையாவது அவன் தானாச் செய்யட்டும். கை ரெண்டும் சண்டையோடை போயிட்டுது.”