ஏர்போட் சட்டம்

“தப்பு மேளத்த வேனுக்குள்ள ஏத்தாத இராசையா. கூரையில கட்டு” என்றார் சிதம்பரநாதன்.

“மழை வந்தா தோல் தொய்ஞ்சிருமேங்க ஐயா?”

“சாக்குல நல்லாச் சுத்திக் கட்டு. நான் என்ன செய்ய? ஏர்போட் சட்டம் அப்படி. தோல் சாமான் ஆளுங்களோட ஒண்ணா வரக் கூடாது.”

இராசையா சாக்கைத் தேடி எடுத்தார். நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்தில் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டுகிற மனிதர். கொழும்பையே பார்த்ததில்லை. அவர் தப்படிப்பதை யாரோ போனில் பிடித்துப் போட, மெல்பேர்ன் தமிழ் விழாக்காரர்கள் அவர் பெயருக்கே அழைப்பு அனுப்பிவிட்டார்கள். தோட்டத்துக் குடியிருப்பான லயமே திரண்டு வந்து வழியனுப்பியிருந்தது. ஏர்போட்டில் தப்பைத் திருப்பி அனுப்பினால் அவரும் திரும்ப வேண்டியதுதான். எந்தச் சட்டத்தையும் மீறிவிடக் கூடாதே என்று பயந்துகொண்டிருந்தார்.

சிதம்பரநாதன் பதுளை பஜாரில் துணிக்கடை முதலாளி, கலை மன்றத் தலைவர், நாலு தடவை பிளேன் ஏறியவர். அழைப்பு தப்புக்குத்தான் வந்தது. ஆனால் தலைவர் இல்லாமல் தப்பு எப்படிப் போகும்? தலைவர் போனால் மிருதங்கம் வாசிக்கிற மகன் கிரிஷாந்தன் போகாமல் எப்படி?

அந்த மிருதங்கம் பட்டு உறைக்குள், வேனின் முன் சீட்டில், சீட் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பிளேனிலும் அதற்குத் தனி டிக்கெட் எடுத்திருந்தார்கள்.

“அது மட்டும் உள்ள வரலாமுங்களா ஐயா?”

“அது சங்கீத வாத்தியம்ப்பா. அதுக்குச் சட்டம் வேற.”

பண்டாரவளையில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தினார்கள். எல்லாருக்கும் கண்ணாடிக் கிளாஸ் வந்தது. இராசையாவுக்கு மட்டும் பேப்பர் கப்.

“தோல் தொட்ட கை இல்லையா? கிளாஸ்ல ரேகை பதிஞ்சா அப்புறம் ஸ்கேன்ல பிரச்சினையாகும்” என்றார் சிதம்பரநாதன்.

விஞ்ஞானம் எவ்வளவு முன்னேறிவிட்டது பாருங்கள்!

கட்டுநாயக்க ஏர்போட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் இன்னும் சில சட்டங்கள் பிறந்தன. தப்புக்காரர் அடுத்தவர் பாஸ்போட்டைத் தொடக் கூடாது. தப்பை மற்றவர்களின் பெட்டியோடு ஒரே ட்ரொலியில் ஏற்றக் கூடாது. வரிசையில் நாலடி தள்ளித்தான் நிற்க வேண்டும். இராசையா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி எல்லாவற்றையும் முணுமுணுத்துப் பாடமாக்கிக்கொண்டார். கிரிஷாந்தன் யார் முகத்தையும் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தான்.

பாதுகாப்புச் சோதனையில் நின்ற அதிகாரி ஒரு பெண். முஹ்ஸினா என்று பெயர்ப்பட்டி குத்தியிருந்தார். சாக்கும் பொலித்தீனுமாகச் சுற்றிக் கிடந்த தப்பைப் பார்த்து, “ஏன் இப்படிக் கட்டியிருக்கீங்க? அவிழ்த்துக் காட்டுங்க” என்றார்.

“கொஞ்சம் தள்ளிப் போய் அவிழ்க்கட்டுங்களா மிஸ்? தோல் சட்டம் இருக்குதுங்களே.”

“அது என்ன சட்டம்?”

இராசையா ஒன்று விடாமல் ஒப்பித்தார். பேப்பர் கப் உட்பட.

முஹ்ஸினா சிரிக்கவில்லை. “இதெல்லாம் யார் உங்களுக்குச் சொன்னது?”

இராசையா திரும்பிப் பார்த்தார். சிதம்பரநாதன் விமான நேரம் காட்டும் பலகையை வெகு அக்கறையாக வாசித்துக்கொண்டிருந்தார்.

“இங்க அப்படி ஒரு சட்டமும் இல்ல. உங்க சட்டைப் பையில இருக்கிற தீப்பெட்டியை மட்டும் குடுத்துடுங்க. தப்பைத் தாராளமாக் கையில கொண்டு போகலாம்.”

தப்பை நெருப்பில் காட்டி முறுக்கேற்ற வைத்திருந்த தீப்பெட்டி அது. உண்மையாகவே இருந்த அந்த ஒரு சட்டத்தை மட்டும் ஐயா சொல்லவில்லை.

தப்பும் கூடவே வரலாம் என்றதும் இராசையாவின் முகம் மலர்ந்தது. பிறகுதான் பேப்பர் கப் ஞாபகம் வந்தது. சட்டம் என்று நினைத்துக் குடித்தபோது வலிக்கவில்லை. இப்போது வலித்தது.

சிதம்பரநாதனுக்கு இனி ஒளிய இடமில்லை. “சட்டத்துல இல்லாட்டிப் போகட்டும் மிஸ். நாங்க சைவக் குடும்பம். மாட்டுத் தோலப் பக்கத்துல வச்சிக்கிட்டு பத்து மணி நேரம் எப்படி உக்காந்து போறது?”

“மாட்டுத் தோலா?”

ஆஸ்திரேலியாவுக்குத் தோல் கருவி கொண்டுபோகிறவர்கள் அது எந்த மிருகத்தின் தோல் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதிகாரி இராசையாவின் படிவத்தை வாங்கிப் பார்த்தார். “ஆடுன்னுதானே எழுதியிருக்கு?”

“ஆட்டுத் தோல்தாங்க. நானே இழுத்துக் கட்டினது.”

முஹ்ஸினா அடுத்த படிவத்தை எடுத்தார். “மிருதங்கத்துக்குத்தான் ஆடு, எருமை, பசுன்னு மூணு போட்டிருக்கு. யார் எழுதினது?”

“நான்தான்” என்றான் கிரிஷாந்தன். “செஞ்சு குடுத்தவரைக் கேட்டுத்தான் எழுதினேன்.”

நிமிர்த்தி வைத்த மிருதங்கத்தின் பட்டு உறையின் மேல் இருந்த சிதம்பரநாதனின் கை சட்டென்று விலகியது. பிடி விட்ட மிருதங்கம் சரியப் போனது.

இராசையா எட்டி அதை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டார்.

“பரவாயில்லீங்க ஐயா, தம்பியோட வாத்தியத்த நான் தூக்கிட்டு வர்றேன். எங்க லயத்துல அந்தச் சட்டமெல்லாம் இல்லீங்க.”