மூக்கு தடித்த தோட்டா

எஸ்டேட் காவலர் மாசாணத்திடம் துப்பாக்கி இரண்டு. தோட்டாவும் தனித்தனிப் பையில்தான் இருக்கும். அன்றைக்கு ஏதோ அவசரம், ஒரு தோட்டாவைப் பை மாற்றிப் போட்டுவிட்டார்.

அந்தப் பையிலிருந்த மூத்த தோட்டா நகர்ந்து இடம் விட்டது. வந்தவனின் அடியில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்ததுமே அதற்கு விளங்கிவிட்டது.

"தம்பி, நீ அந்த இன்னொரு துப்பாக்கியோட ஆளுல்ல?"

"அங்க என்னை யாரும் எடுக்கறதே இல்லண்ணே. உயரம், உடம்பு எல்லாம் உங்க மாதிரிதானே? மூக்குதான் கொஞ்சம் தடிப்பு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

பாவமாக இருந்தது. மூத்தது சொல்லவில்லை.

மறுநாள் தோட்டத்துக்குள் யானை வந்துவிட்டது. வெடி போட்டு விரட்ட, மாசாணம் அந்தப் பையில் கைக்கு அகப்பட்டதை எடுத்து எண்ணைப் பார்க்காமலே துப்பாக்கிக்குள் தள்ளினார்.

"யாருப்பா இது? இறுக்குதே" என்றது துப்பாக்கி.

"நம்ம பையன்தான்" என்றது மூத்தது, பைக்குள்ளிருந்து.

"நீ சொன்னா சரி."

வெடித்ததில் துப்பாக்கி பிளந்துபோயிற்று. மாசாணத்துக்கு வலது கண் போயிற்று.

அதற்குப் பிறகு அந்தப் பையை யாரும் திறக்கவில்லை. தம்பிக்கு விட்ட இடத்தை அடைக்க மனமில்லாமல், மூத்த தோட்டா இன்னும் ஒதுங்கியே கிடக்கிறது.